ரயிலுக்கு ஒரு வெல்டிங் மெஷின்

அக்கா வெல்டிங் மெஷின் வாங்கப் போன அன்று, நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னது நான்தான்.

"கடைக்கு எதுக்குடி நாய்?" என்றாள் அக்கா.

"அதுக்காகத்தானே வாங்கறோம். அது வர வேண்டாமா?"

எங்கள் நாய்க்குப் பின்னங்கால்கள் இரண்டும் அசையாது. இடுப்போடு கட்டிவிட ஒரு சின்ன வண்டி உண்டு. இரண்டு சக்கரம், கறுப்புச் சாயம் பூசிய குழாய்ச் சட்டம். முன்னங்கால்களால் ஓடும்போது சக்கரங்கள் கடகடவென்று பின்னால் வரும். அந்தச் சத்தத்தால் தெருவே அதை 'ரயில்' என்றுதான் கூப்பிடும்.

சட்டத்தின் ஒரு மூலை உடைந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தோம். ரயில் அடிக்கடி தடம் புரண்டது. அப்புறம் அது ஓடுவதையே விட்டுவிட்டது. யார் கூப்பிட்டாலும் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும்.

அக்கா சாயங்கால வகுப்பில் டிக் என்ற ஒரு வகை வெல்டிங் கற்றுக்கொள்கிறாள். நானும் கூடப் போய், வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் ஆரஞ்சு நிறத் திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மாஸ்டர் எனக்கும் ஒரு முகக்கவசம் மாட்டிவிட்டு உள்ளே அழைத்தார்.

கறுப்புக் கண்ணாடி வழியாக முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் முளைத்தது. அதற்குக் கீழே இரும்பு உருகி, பட்டாணி அளவுக் குளமாக நின்றது. அக்கா ஒரு கையில் பிடித்த வெல்டிங் முனையால் அந்தக் குளத்தை நகர்த்திக்கொண்டே போனாள். மறு கையால் ஒரு கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். பொறி பறக்கவில்லை. சத்தமும் இல்லை. இரும்பு இவ்வளவு அமைதியாக உருகுமா?

"சொந்தமா ஒண்ணு வாங்கி நம்ம கேரேஜ்ல வைக்கப் போறேன். முதல் வேலை ரயிலோட வண்டிதான்" என்றாள் அக்கா.

கேரேஜ் பிளக் எவ்வளவு மின்சாரம் தாங்கும், வாயு சிலிண்டரை எங்கே சங்கிலி போட்டுக் கட்டுவது, மெஷினை ஒரே ஆளாகத் தூக்க முடியுமா என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

கடையில் நேராக ஒரு சிவப்பு மெஷின் முன்னால் போய் நின்றாள். அது பற்றவைக்கும், இரும்பை வெட்டவும் செய்யும்.

"என்ன வேலைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"இரும்புக் குழாய் ஒட்டணும்."

"அப்ப தாராளமா எடுத்துக்கலாம். ஆனா பெட்டியைப் பிரிச்சுட்டா திருப்பி வாங்க மாட்டோம்."

கல்லாவுக்குப் பக்கத்தில் முக்கோணக் காந்தங்கள் இருந்தன. பற்றவைக்கும்போது இரும்புத் துண்டுகளை அசையாமல் பிடித்துக்கொள்பவை.

"தொட்டுப் பார்க்கலாமா அண்ணா?"

"பாரு. கால்ல மட்டும் போட்டுக்காதே."

இரும்பு அலமாரியில் வைத்தேன். டப்! இரண்டு கையாலும் இழுத்தால்தான் வந்தது. ஸ்டூல் காலில் வைத்தேன். டப்! ரயிலின் வண்டிச் சட்டத்தில் வைத்தேன். பொத்தென்று கீழே விழுந்தது. ரயில் என்னை முறைத்தது.

சக்கரத்தின் அச்சில் வைத்தேன். ஒட்டியது. மறுபடியும் சட்டத்தில் வைத்தேன். விழுந்தது.

சாயம் தடுக்கிறதோ? ஆனால் அலமாரிக்கும் சாயம் பூசியிருக்கிறதே! சொல்லலாமா, வேண்டாமா? படிப்பது அக்கா. திரைக்கு வெளியே உட்காருகிறவள் நான். எனக்கு என்ன தெரியும்?

அக்கா பணப்பையைத் திறந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"எதுன்னாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்லு."

"வீட்டுக்குப் போனா நீ பெட்டியைப் பிரிச்சிடுவே!"

காந்தத்தை வைத்துக் காட்டினேன். கடைக்காரர் குனிந்து, அரத்தால் சட்டத்தை லேசாகச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் வெள்ளை வெளேரென்று மின்னியது.

"அலுமினியம்மா இது."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "வகுப்புல எல்லாமே இரும்பா... குழாய்ன்னாலே இரும்புன்னு நினைச்சுட்டேன்."

"இந்தச் சிவப்பு மெஷின்ல டிசி மட்டும்தான், மின்சாரம் ஒரே பக்கமாப் பாயும். அலுமினியத்து மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கு. மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறிப் பாஞ்சாதான் அது உரியும். அதுக்கு ஏசி வேணும்." ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார். "இது வெட்டாது. ஆனா ஏசி, டிசி ரெண்டும் தரும். விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

அக்கா சிவப்பு மெஷினை ஒரு தடவை ஆசையாகத் தடவினாள். "வெட்டறதுக்கு வீட்ல ரம்பம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாம்பல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை, வாயைத் திறந்தே" என்றாள்.

சாம்பல் மெஷின் எங்கள் கேரேஜுக்கு வந்ததும், வேண்டாத அலுமினியத் துண்டுகளில் அக்கா முதலில் பழகினாள்.

"காக்கா எச்சம் மாதிரி இருக்கு" என்றேன்.

"வாயை மூடு."

அலுமினியம் அவள் சொன்னபடி கேட்கப் பல நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தோம். உடைந்த இடத்தில் சாயத்தைச் சுரண்டித் துடைத்தது நான். காற்றடித்தால், உருகும் இடத்தைக் காக்கும் வாயு கலைந்துவிடும் என்று கேரேஜ் கதவைப் பாதி இறக்கினாள் அக்கா. இருவரும் கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டோம்.

இந்தத் தடவை வெளிச்சம் குளவி மாதிரி ரீங்கரித்தது. மங்கலான அலுமினியத்தின் மேல் பனி படர்ந்ததுபோல ஒரு வெள்ளை வட்டம் விரிந்தது. நடுவில் அந்தத் தோல் விலகியது. உள்ளே கண்ணாடி போன்ற ஒரு துளி! உடைந்த விளிம்புகள் இரண்டும் மெல்ல அதற்குள் நழுவி ஒன்றாயின. எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"பார்த்தியா?" என்றாள் அக்கா.

"ம்." குனிந்து இன்னும் கிட்டே பார்த்தேன்.

ஒட்டிய இடம் மீன் செதில் மாதிரி வரிவரியாக இருந்தது. ஆறிய பிறகு விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

வண்டியை மாட்டிவிட்டோம். ரயில் ஓர் அடி வைத்தது. நின்றது. திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தது. அடுத்த நொடி கடகடவென்று தெருவில் இறங்கியது.

"ஏய், நில்லு! போட்டோ எடுக்கணும்!" என்று கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே ஓடினாள் அக்கா.

அது நிற்கவில்லை. தெருமுனை வரை போய், திரும்பி, எங்களைத் தாண்டி மறுபடியும் ஓடியது.