பதினாறு டிகிரி

சித்திரை வெயிலில் தி.நகரே வெந்துகொண்டிருக்கும்போது, துவைக்கப் போட்ட மகள் அனுப்ரியாவின் நைட்டியில் மட்டும் வியர்வை வாசனையே இல்லை. தங்கபுஷ்பம் அதை மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். புதுப் பென்சிலைச் சீவினால் வருமே, அந்த வாசனை. உதறினால் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. வயசுப் பெண்ணின் உடம்பில் கிடந்த துணியா இது? அவளுக்குக் கோபம் வந்தது.

எல்லாம் அந்த மரத்தால் வந்த வினை. போன ஐப்பசியில் அவள் புருஷன் பொன்ராஜ் நேபாளத்து முக்திநாத்துக்கு யாத்திரை போனார். அங்கே, மூச்சு முட்டும் உயரத்தில், புல்கூட முளைக்காத பாறை இடுக்கில், பென்சில் சீவும் வாசனையோடு, ஜூனிபர் என்னும் மலைமரம் ஒன்று இடுப்பளவுக்கு நின்றதாம். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் ஒரு நூலைக் கட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கட்டும் என்று இவரும் கட்டினார். ஆனால் கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? நல்ல சரக்கை அங்கேயே விட்டுவிட்டு வருவானேன் என்று வேன் டிரைவரைச் சரிக்கட்டி, மரத்தை நூலோடும் வேரோடும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். பாத்திரக் கடைக்கு மேலேதான் வீடு. அங்கே அனுப்ரியாவின் அறையில் ஒரு பித்தளை அண்டாவில் அதை நட்டார். சூடு பட்டால் மரம் பட்டுப்போகும் என்று ஏசியைப் பதினாறில் வைத்தார். நீட் பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டிருந்த மகளை அதன் எதிரே உட்காரவைத்தார்.

“அதைப் பாத்துப் படி, பாப்பா,” என்றார். “எத்தனை நூறு வருசமா நிக்குதோ! காத்தும் பனியும் அடிச்சா மத்ததையெல்லாம் சாவவிட்டுட்டு, ஒரே ஒரு பட்டையில உசுரை வச்சுக்கிடும். அந்த வைராக்கியம் வேணும்.”

பிள்ளை என்ன மரமா என்று தங்கபுஷ்பம் சண்டை போட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க, கவனம் சிதறும் என்று சொல்லி அவளை உள்ளே விடுவதையே நிறுத்தினார். சாப்பாட்டை அவரே கொண்டுபோனார், துணியை அவரே கொண்டுவந்தார், கடைக்கு இறங்கும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். பெற்றவளுக்குக் கதவின் அடியில் கசியும் குளிர்தான் மிச்சம். அதில் பாதத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். ஏசியின் முனகலுக்கு அடியில் தாளில் பேனா ஓடும் சத்தம் கேட்கும். இருமல் கேட்காது, நாற்காலி நகராது, பக்கம் புரளாது. பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நைட்டியை வீசிவிட்டு அவள் கதவைத் தட்டினாள்.

“பாப்பா, அம்மா வந்திருக்கேன். ஒரு வார்த்தை பேசு.”

பேனா நிற்கவில்லை.

“உங்கப்பன் சீட்டுல இடி விழ,” என்றாள் தங்கபுஷ்பம். அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டை அடித்தே உடைத்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. பென்சில் வாசனை நெஞ்சை அடைத்தது. சுவரோரம் சாப்பாட்டுத் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. சோறு போட்டபடியே காய்ந்திருந்தது. அண்டாவில் மரம் பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது.

மேஜை விளக்கு. அதன் கீழே அனுப்ரியா. முதுகுதான் தெரிந்தது.

தோளைத் தொட்டாள்.

கட்டை.

கழுத்து சாம்பல் நிறம். கன்னமும். வெடித்து, வரி ஓடி. கண் இருந்த இடத்தில் ஒரு மரக்கணு. வலது காதுக்குக் கீழிருந்து தோள் வழியாக விரல் நுனிவரை, ஒரு பட்டை மட்டும் தோலாக இருந்தது. அது சூடாக இருந்தது. துடித்தது.

பின்னால் செருப்புச் சத்தம். பொன்ராஜ். அவர் முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை.

“சத்தம் போடாத,” என்றார், பெருமையாக. “இப்பத்தான் நல்லா எழுத ஆரம்பிச்சிருக்கா.”

எல்லாம் தெரிந்திருக்கிறது. பாவிக்குத் தினமும் தெரிந்திருக்கிறது. அவரை அங்கேயே கொன்றுபோடலாம் போலிருந்தது அவளுக்கு. முதலில் பிள்ளை. வெளியே, வெயிலுக்கு. மகளின் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

படக்.

மூன்று விரல்கள் அவள் உள்ளங்கையில் கிடந்தன. ரத்தம் இல்லை.

வலது கை எழுதிக்கொண்டே இருந்தது. தாள் எப்போதோ கிழிந்துபோய், மேஜைப் பலகைக்குள்.