பன்னிரண்டு அடி அறை

பிளானில் படுக்கையறையின் நீளம் பன்னிரண்டு அடி என்று போட்டிருந்தது. அவளுடைய லேசர் மீட்டர் பத்தரை என்றது.

உடனே அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "ஒன்றரை அடியை முழுங்கிட்டானே படுபாவி" என்று புரோக்கரைத் திட்டினாள். வீடு வீடாகப் போய் மர அலமாரிகளுக்கு அளவெடுப்பது அவள் தொழில். ஒன்பது வருடத்தில், விற்கிறவர்கள் காதில் பூ சுற்றும் விதங்களில் பாதியையாவது அவள் பார்த்தாயிற்று. இந்த ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டை அக்காவின் தலையில் கட்ட அந்த மனிதர் பறக்கிற பறப்பிலேயே ஏதோ இருக்கிறது என்று முதல் நாளே அவளுக்குத் தோன்றியிருந்தது.

ஒரு காலத்தில் சரக்குக் கிடங்குகள் வரிசையாக நின்ற துறைமுகக் கரை அது. இப்போது கண்ணாடிக் கட்டிடங்கள், கல் பாவிய நடைபாதை, காபிக் கடை என்று ஆகியிருந்தது. பழைய கிரேன் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்து அழகுக்கு விட்டுவைத்திருந்தார்கள். ஒன்பதாவது மாடியின் திறக்க முடியாத பெரிய ஜன்னலுக்கு வெளியே, நாலு மணி வெயில் மேகத்துக்குள் போய்விட, தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஏ.சி. இன்னும் மாட்டவில்லை. புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. நனைந்த கயிற்றைக் காயவிடாமல் சுருட்டி மூலையில் போட்டு வைத்தது போல.

போன் அடித்தது. கீழ்த்தளத்து விற்பனை அலுவலகத்திலிருந்து அக்கா.

"அளந்து முடிச்சியாடி? பேப்பரெல்லாம் ரெடி. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

"அக்கா, இந்த பெட்ரூம் அளவு..."

"ஆரம்பிக்காதே. இந்த வீட்டுல குத்தம் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். போன வருடம் அக்காவுக்குப் பிடித்திருந்த ஒரு வீட்டின் சுவரில் ஓதம் இருப்பதாகச் சொல்லி அவள்தான் கலைத்துவிட்டாள். அது பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் குழாய் கசிந்த ஈரம் என்று தெரிவதற்குள் வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். புருஷனைப் பிரிந்து வந்த அக்காவும், அவளுடைய ஐந்து வயது வாலுப் பெண்ணும் அன்றிலிருந்து அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் முடங்கிக் கிடக்கிறார்கள். அண்ணி முகத்தைத் தூக்கும்போதெல்லாம் அக்கா தங்கையை ஒரு பார்வை பார்ப்பாள். திட்டினால் கூடத் தேவலை. இந்த வீட்டையும் கெடுத்தால் அக்கா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் வாயைத் திறக்குமுன் கையில் ஆதாரம் வேண்டும். இரும்பு டேப்பை எடுத்து, சுவரோரமாகத் தரையில் விட்டு அளந்தாள். பன்னிரண்டு அடி. ஒரு நூல் குறையவில்லை.

சரி, மீட்டர் மக்கர் பண்ணுகிறது. ஹாலில் வைத்துப் பார்த்தாள். பிளானில் உள்ளபடியே காட்டியது. சமையலறையிலும் சரியாக இருந்தது. படுக்கையறைக்குத் திரும்பி, சுவரோரமாகப் பிடித்தாள். பன்னிரண்டு. அறையின் நடுவாக்கில் பிடித்தாள்.

ஒன்பதடி பத்து அங்குலம்.

முதலில் காட்டியதைவிடக் குறைவு. எதிரே சுவர் வரைக்கும் ஒன்றுமே இல்லை. நடந்து போய்க் கையால் துழாவிப் பார்த்திருக்கலாம். அவள் போகவில்லை. மீட்டரைக் கதவுப் படியில், எதிர்ச்சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, ஏதோ தரையைச் சோதிப்பவள் போலக் குனிந்துகொண்டாள்.

மரத்தரையில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு குழிகள் தெரிந்தன. தரையைப் படிக்கத் தெரிந்தவள் அவள். கட்டில் முதலில் ஜன்னலடியில் இருந்திருக்கிறது. பிறகு இரண்டடி இழுத்திருக்கிறார்கள், அங்கேயும் குழிகள். பிறகு இன்னும் இரண்டடி. கீறல்கள் அவளைத் தாண்டி ஹாலுக்குள் போயின. கடைசி நான்கு குழிகள் வாசல் கதவை ஒட்டி இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே நுழைய முடியும். அப்படி யார் படுப்பார்கள்?

"ஒரே ஓனர்தான் மேடம், மூணு மாசம்தான் இருந்தார். வேலை மாத்தலாயிடுச்சு" என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அப்போது அவர் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இரண்டு முறை வீடு காட்ட வந்தும் அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "நீங்க நிதானமா பாருங்க, நான் இங்கயே நிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே நின்றார்.

மேகம் இன்னும் இறங்கி அறை மங்கியது. வெளிச்சத்தில் தெரியாமலிருந்த லேசர் புள்ளி இப்போது கண்ணில் பட்டது. சிவப்பாக, சின்னதாக.

அது சுவரில் இல்லை.

சுவருக்கு முன்னால், அறையின் நடுவில், அந்தரத்தில் நின்றது. மீட்டர் தானாகவே மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தது. ஏழடி நான்கு. ஏழடி மூன்று. ஏழடி நான்கு. ஏழடி மூன்று. புள்ளி முன்னே வந்து பின்னே போனது. நிதானமாக. ஒரே சீராக.

தூங்கும் குழந்தையின் வயிற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அந்த அசைவு என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் மூச்சை அடக்கினாள்.

ஏழடி மூன்று. ஏழடி மூன்று. ஏழடி மூன்று.

அதுவும் அடக்கிக்கொண்டது.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, கையெழுத்துப் போடாதே. காரணம் கேக்காதே, போடாதே!"

"போட்டாச்சுடி!" அக்கா சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. "சாவி கைக்கு வந்தாச்சு. லிஃப்ட்ல ஏறப் போறோம். வாலு என்னை இழுத்துட்டு ஓடறா. சந்தேகமெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு சிரிச்ச முகமா நில்லு."

"மேல வராதே! அவளைக் கூட்டிட்டு..."

இணைப்பு அறுந்திருந்தது.

ஆறடி. ஐந்தடி. ஓட வேண்டும். கால் வரவில்லை. நான்கடி இரண்டு. கயிற்று வாடை நெருங்கியது. மூன்று. தரையில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு. ஒன்று. சின்னத் திரையில் எண் மறைந்து, வெறும் கோடு மின்னியது. மிக அருகில் இருக்கும் எதையும் அந்த மீட்டரால் அளக்க முடியாது.

ஈரமான குளிர் ஒன்று அவள் இடது கன்னத்தை உரசிக்கொண்டு போனது.

பிறகு பன்னிரண்டு அடி. திரையில் தெளிவாக, அசையாமல். புள்ளி எதிர்ச்சுவரில், பெயிண்ட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. அறை காலி. வாடைகூட இல்லை. அப்பாடா என்று அவள் முழுதாக ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சை இழுத்தபோது வாடை வந்தது.

முதுகுப் பக்கத்திலிருந்து.

வாசலில் சாவி திரும்பியது.

"சித்தி! இது எங்க வீடு!" வாலு ஹாலுக்குள் ஓடிவந்து, நடுவில் நின்று, கையை விரித்துத் தட்டாமாலை சுற்றினாள். பின்னால் அக்கா, கண்கள் கலங்கி, சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

அவள் மீட்டரைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினாள். திரும்பிய வேகத்தில் சிவப்புப் புள்ளி தரையில் ஓடி, சுவரில் தாவி, குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அந்தரத்தில். ஐந்தடி நான்கு. ஐந்தடி மூன்று. ஐந்தடி நான்கு.

"என்னடி சி.ஐ.டி., பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? இப்ப சொல்லு, அளவெல்லாம் சரியா இருக்கா?"

வாலு சுற்றுவதை நிறுத்திவிட்டு, தலையை அண்ணாந்து, யாரையோ பார்ப்பவள் போல மேலே பார்த்தாள். ஜன்னல் திறக்காத அந்த வீட்டில், அவளுடைய நெற்றி முடி மட்டும் மெல்ல எழுந்து படிந்தது, எழுந்து படிந்தது, திரையில் எண் மாறும் நேரத்துக்குச் சரியாக.