பின்னாலேயே வந்த காலடி

பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான பனிமிதியடி அது; அதன் வாரில் ஒரே ஒரு துளை மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. ஸ்மரந்தாவின் காலணிக்கும் அந்தத் துளைதான் கச்சிதமாகப் பொருந்தியது.

"யாருது இது?" என்று கேட்டாள்.

"ஒருத்தி விட்டுட்டுப் போனது," என்றான் அவள் கணவன் ஹோரியா. "பயப்படாத, திரும்பக் கேட்டு வர மாட்டா."

நேற்று பனிமிதியடி வாங்கப் போனபோது கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "காலளவு பாக்காதீங்கம்மா. பையோட சேத்து உங்க எடையப் பாருங்க. சின்னது புதைஞ்சிரும்." ஹோரியா சிரித்தான். "முதமுதல்ல மலையேறுறவளுக்கு எதுக்குங்க படகு மாதிரி ரெண்டு? எங்கிட்டயே ஒரு ஜோடி இருக்கு." ஃபகராஷ் மலையில் வழிகாட்டியாகப் பிழைப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் கடைக்காரருக்கு முகம் கொடுக்காமல் வெளியே வந்துவிட்டாள். கட்டியவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மரங்கள் முடிந்த இடத்தில் மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவர் பனியை மிதித்துத் தடம் போட வேண்டும். களைத்தால் ஒதுங்கி நின்று, மற்றவரை முன்னே விட்டு, கடைசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். மலைக்காரர்கள் வழக்கம் அது. ஹோரியா ஒதுங்கினான்.

"இனி நீ போ, என் ராணி. நான் பின்னாலயேதான் இருப்பேன்."

அவள் போனாள். ஒவ்வோர் அடிக்கும் கால் முழங்கால்வரை புதைந்தது, முதுகுப் பை தோளை அறுத்தது, காலையில் அதை நிரப்பியவனும் அவன்தான். கழுத்துத் துணியில் ஈரக் கம்பளி வாடை, காதுக்குள் தன் நாடியின் இரைச்சல், அதையும் தாண்டிப் பின்னால் அடிக்கு அடி தப்பாமல் பனி நொறுங்கும் சத்தம். அது கேட்கும்வரை அவளுக்குத் தைரியம் இருந்தது.

"கடைக்காரர் சொன்னது சரிதான் போல," என்றாள். "தொடைவரைக்கும் போகுது, ஹோரியா."

காலடி மட்டும் நெருங்கியது.

"கேலி பண்ணணும்னா பண்ணு. ஏதாவது பேசு."

மூடுபனி சற்று விலகியது. வெகு கீழே, மரங்களின் ஓரத்தில், ஒரு சிவப்பு மேலங்கி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நடை அவளுக்குத் தெரியும்.

திரும்பக் கேட்டு வராத ஒருத்தியின் சின்ன மிதியடி. கனத்த பை. எல்லாம் தெரிந்தே. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

"ஹோரியா," என்று கத்தினாள்.

அவன் நின்றான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது செய்வதுபோல நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று சிலுவை வரைந்துகொண்டான். தொப்பியை மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிவிட்டான்.

அவள் இன்னும் உயிரோடுதான் இருந்தாள்.

பின்னால் பனி நொறுங்கியது.

ஓர் அடி. இன்னோர் அடி.

திரும்ப முடியவில்லை. இடுப்புவரை புதைந்திருந்தாள். பையின் மேல் ஒரு கனம் ஏறியது. முதலில் ஒரு கை. பிறகு இன்னொன்று. பின்னாலிருந்து மூச்சுக் காற்று ஏதும் படவில்லை. களைத்துப்போனவள் சாய்வதுபோல, குளிர்ந்த கன்னம் ஒன்று அவள் கழுத்தில் சாய்ந்தது.

பனி மார்புவரை வந்தது.