பதினேழாம் நம்பர் துப்பாக்கியில் ஒரு விரிசல்

"ஐயா, திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீய. நான் கீழ போடல. ஸ்டேஷன்ல ஒருத்தரும் கீழ போடல."

"அப்போ கட்டை தன்னால வெடிச்சிருச்சாம்மா?"

ஏட்டு யுவராணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். காலை 11.10. ஓய்வுபெற்ற சுபேதார் சௌந்தரபாண்டியன் இதே கேள்வியைக் கேட்பது இது ஒன்பதாவது தடவை.

மேஜையில் அவருடைய வேட்டைத் துப்பாக்கி கிடந்தது. தேர்தலுக்காக மார்ச்சில் லைசென்ஸ்காரர்கள் ஒப்படைத்த பதினெட்டில் அது பதினேழாம் நம்பர். ஐம்பத்தெட்டு நாள் கழித்து இன்று காலை மகன் எட்வினோடு திருப்பி வாங்க வந்தவர், கைப்பிடி வளையும் இடத்தில் மரக்கட்டை விரல் நீளத்துக்குப் பிளந்திருப்பதைப் பார்த்தார். பார்த்த கையோடு டிஎஸ்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

டிஎஸ்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மூன்று மணிக்கு வருகிறார். எஸ்எஸ்ஐ பதவி உயர்வுப் பட்டியலில் யுவராணியின் பெயர் இருக்கிறது. இருபத்தைந்து வருஷ சர்வீஸ். 'ஆயுத அறைப் பொறுப்பாளரின் அலட்சியம்' என்று ஒரு மெமோ போதும், பெயர் பறந்துவிடும்.

"நான் ஒம்பது வருஷமா பைபர் கட்டை போடுவோம்னு சொல்லுதேன்" என்றான் எட்வின். ராஜபாளையத்தில் பேண்டேஜ் மில் சூப்பர்வைசர். "மழையில நனையலாம், வெயில்ல காயலாம், ஒண்ணும் ஆவாது. வெயிட்டும் கம்மி."

"வெயிட்டு இருந்தாத்தாம்லே ஒதை தாங்கும். பிளாஸ்டிக் வாளிய தோள்ல வச்சிச் சுடச் சொல்லுதியா?"

"வாளி இல்லப்பா..."

"மரம்னா கன்னத்துல ஒட்டி நிக்கும். ஒனக்கு என்னலே தெரியும்?"

"ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்க!" யுவராணி கத்தியேவிட்டாள். "தேவதானம் தோப்புல பன்னிய வெரட்ட வானத்தப் பாத்துச் சுடுதிய. அதுக்கு எந்தக் கட்டையா இருந்தா என்ன?"

அப்பாவும் மகனும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை.

11.40. கான்ஸ்டபிள் முத்துவீரனைக் கூப்பிட்டாள்.

"உள்ள போனியா?"

"சாவி ஒங்ககிட்டத்தான இருக்கு, அக்கா."

"கூட்டப் பெருக்க?"

"நீங்க தெறந்தாத்தான் நான் பெருக்க முடியும். நீங்க வாசல்லதான நின்னீய?"

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். அறை திறந்தது நாலே தடவை. நாலிலும் அவளுடைய கையெழுத்து. ஒப்படைத்த அன்று 'நல்ல நிலையில்' என்று எழுதியதும் அவளேதான். ஜன்னல் கிடையாது, மாற்றுச் சாவி கிடையாது. இந்தக் கணக்குப்படி குற்றவாளி நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

12.05. ஆயுத அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடுப்பு மாதிரி அனல். ஒவ்வொரு துப்பாக்கியின் பின்கட்டையிலும் நம்பர் சீட்டு. சணல் சுற்றி, முடிச்சில் அரக்கு வைத்து அவளே கட்டியது. கோபத்தில் பதினாறாம் நம்பர் சீட்டைப் பிடித்து இழுத்தாள். ஜெயபாண்டி என்ற லைசென்ஸ்காரரின் பைபர் கட்டைத் துப்பாக்கி. சணல் அசையவில்லை. பதினெட்டாம் நம்பர், பழைய மரக்கட்டை. அதிலும் அசையவில்லை, மற்றவற்றிலும் அசையவில்லை.

வெளியே வந்து பதினேழின் சணலைத் தொட்டாள். அவளுடைய ஆள்காட்டி விரல் சணலுக்கும் கட்டைக்கும் நடுவே தாராளமாக நுழைந்தது. அரக்கு உடையவில்லை. முடிச்சு அவள் போட்ட முடிச்சேதான்.

யுவராணி அப்பாவையும் மகனையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள்.

12.20. எட்வின்.

"ஒப்படைக்கக் கொண்டு வந்தது யாரு?"

"நாந்தான். அப்பாவுக்கு முட்டுவலி."

"அதுக்கு முந்தி யார் கையில இருந்துச்சு?"

"ஒரு வாரம் நான் தோப்புக் காவலுக்கு வச்சிருந்தேன்."

"மழை ஏதும்?"

"மார்ச்சுல ஏதுக்கா மழை? தூத்தல்கூட இல்ல."

அடுத்து சௌந்தரபாண்டியன். "ஐயா, இதுல தண்ணி படுமா?"

"தண்ணியா? மாசம் ஒருக்கா பின்கட்டை அடித்தகட்டுத் திருகக் கழட்டி எண்ணெய் போடுதவன் நான். மார்ச்சு ஒண்ணாந்தேதிகூடப் போட்டேன்."

3.00. டிஎஸ்பி உட்கார்ந்தார். யுவராணி ஒரு திருப்புளியைச் சௌந்தரபாண்டியனிடம் நீட்டினாள்.

"அடித்தகட நீங்களே கழட்டுங்க, ஐயா."

முதல் திருகு முனகிக்கொண்டு வந்தது. செங்கல் நிறத்தில் துரு. இரண்டாவதும் அப்படியே. பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"சார், பதினெட்டு துப்பாக்கிக்கும் ஒரே சணல், ஒரே கை, ஒரே வெயில்" என்றாள் யுவராணி. "பைபர் ஊறாது, வத்தாது. மத்த மரமெல்லாம் காய்ஞ்சு வந்துச்சு, காய்ஞ்சே இருக்கு. பதினேழு மட்டும் ஊறி வந்திருக்கு, அதான் திருகுல துரு. ஊதியிருந்த கட்டையிலதான் நான் இறுக்கிக் கட்டியிருக்கேன். அறை அனல்ல வத்தவும் சணல் தொளதொளத்துப் போச்சு. மரம் ஊறுனா விரிசல் மூடிக்கும், காய்ஞ்சா வாயத் தெறக்கும். விரிசல் இங்க வுழல, சார். மூடுன வாக்குல உள்ள வந்திருக்கு. மழையும் இல்ல. ஐயா தண்ணி பட விடமாட்டாவ. கடைசி ஒரு வாரம் வச்சிருந்தது எட்வின்."



"வாய்க்கால் கரையில பன்னி வெரட்டும்போது வழுக்கிட்டேன், கட்டை விரிஞ்சிருச்சு" என்றான் எட்வின், தரையைப் பார்த்து. "விரிசல் மூடட்டும்னு ரெண்டு நாள் ஈரச்சாக்க சுத்தி வச்சேன். கோடு தெரியல. மேல பாலீஷ் போட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லலே?"

"பைபர் வாங்க வேணும்னே ஒடச்சேன்னு சொல்லுவிய."

சௌந்தரபாண்டியன் வாயைத் திறந்தார், மூடினார். அதைத்தான் சொல்ல வந்திருந்தார்.

டிஎஸ்பி, ஸ்டேஷன் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகாரை வாபஸ் வாங்கிய கையோடு அப்பாவும் மகனும் வெளியே போனார்கள். வேப்பமரத்தடி போவதற்குள் புதுக் கட்டை மரமா பைபரா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"அக்கா, நெசமாவே வழுக்கித்தான் விழுந்தானா?" என்று முத்துவீரன் கேட்டான்.

"ஏலே, எம் பேரு பட்டியல்ல நிக்கி. அது போதும். ஆள விடு."

அவளுக்குப் போதும். ஆனால் ஒன்பது வருஷமாகப் பைபர் கட்டை கேட்டுக்கொண்டிருந்தவன் கையில் மரக்கட்டை உடைந்திருக்கிறதே? வழுக்கி விழுந்தானா, வேண்டுமென்றே போட்டு உடைத்தானா, நீங்க என்ன நினைக்கிறீங்க?