அரைப்பேர்

மரியதாசன் ஏழாவது பேரை வாசித்ததும் அறைக்குள் யாரோ “இருக்கே” என்றார்கள். முழுச்சொல் இல்லை. ‘இருக்கேனுங்க’ என்று வரவேண்டியதை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் வைத்ததுபோல.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆள் இல்லை. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் ஆவணக்கூடம் அது. காலை பத்து மணியானாலும் அங்கே வெளிச்சம் குழல்விளக்கில்தான் விடியும். இரும்புத் தட்டுகளில் பெட்டிகள் கூரைவரை நின்றன, எங்கோ சுவருக்குள் காற்றுக்குழாய் உறுமியது, மேசைக்கு மேலே தொங்கிய கேமராவின் சிவப்புப் பொட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. தாளைத் திருப்புவதும் காலால் மிதியை அமுக்கிப் படமெடுப்பதும் அவன் வேலை. ஜான்-டலோன் சந்தையில் பதினான்கு குளிர்காலம் மரக்கறிப் பெட்டி சுமந்து முறிந்துபோன முதுகுக்கு, இந்தச் சூடான அறை பெரிய வரம். வாங்கிக் கொடுத்தது ஜெராட் அண்ணை. இங்கே அவர்தான் மேற்பார்வை.

எழுத்து அவனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில், கோயில் மண்டபத்து வகுப்பில் வந்தது. பிந்தி வந்த எழுத்து வாயை விட்டு இறங்காது. விரலை வைத்து, உதட்டை அசைத்து, சொந்தக் காதால் கேட்டால்தான் ஒரு சொல் விளங்கும். “என்ன தம்பி, பூசையில வாசகம் வாசிக்கிறியோ? கடைசி வாங்கில குந்தியிருந்து நித்திரை கொள்ளுறவனும் எழும்பியிடுவான்” என்று ஜெராட் இதுவரை சிரிக்காத நாளில்லை. இன்றைக்குத்தான் சிரிக்கவில்லை. தன் ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, பேர்ப்பட்டியல் கேட்கிறார்கள், நன்றாக வாய்விட்டு வாசி என்றார். பின்னேரத்துக்குள் முடித்தால் முழுநேர வேலைக் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

அந்தக் கடிதத்தில்தான் அவன் மகள் அஜிதா இருந்தாள். தாயில்லாத பிள்ளை, இலங்கையில், முருங்கனில் ஒரு தெரிந்த வீட்டில் தங்கியிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் இருபத்திரண்டு வயது. அதற்கு முன் அந்தக் கடிதத்தோடு விண்ணப்பம் போகாவிட்டால், பிள்ளை என்ற கணக்கில் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட முடியாது.

ஆகவே அவன் எட்டாவது பேரை வாசித்தான்.

“இருக்கே.”

இந்தமுறை இடதுபக்கத் தட்டுக்குப் பின்னால். கூடவே ஒரு வாடை வந்தது, மழையில் நனைந்த கம்பளியும் கசங்கிய பச்சைக் கொழுந்தும் சேர்ந்து நெஞ்சுக்குள் இறங்கும் வாடை, ஐந்து வயதோடு அவன் விட்டுவந்த வாடை. அவனுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்து மலைநாட்டார். எழுபத்தேழுக் கலவரத்தில் மன்னார்ப் பக்கம் ஓடிவந்தவர்கள். மொன்றியலில் அது தெரிந்த ஒரே ஆள் ஜெராட்.

கையில் இருந்தது தோட்டத்துச் செக்ரோல், கூலியாட்களின் வரவேடு. இலங்கைத் தேயிலை வாங்கிய ஒரு மொன்றியல் வியாபார வீட்டின் கடதாசிகளோடு கடல் தாண்டி வந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பவர்களின் பேரைக் கணக்கப்பிள்ளை கூப்பிடுவார்; மாலையில் பேருக்கு நேரே குறி போடுவார். முழுநாள் என்றால் சிலுவை. கொழுந்தின் நிறை குறைந்தால் ஒற்றைக் கோடு, பாதிக் கூலி; அதற்குப் பேர் அரைப்பேர். மரியதாசன் தாளைத் திருப்பினான். கோடு. கோடு. அடுத்த தாளிலும் கோடு. ஒரு ஆள்கூடவா ஒரு நாளும் முழுசாய் உழைக்கவில்லை?

ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தான். வஸ்தியாம்பிள்ளை.

ஜெராட்டின் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அந்தப் பேர்தான். பூட்டன் மலையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று அவர் எத்தனை கொண்டாட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்று அவனை வாசிக்கத் தொடங்கச் சொன்ன பதினோராம் தாளுக்கு முன்னால் ஒரு துண்டுக் கடதாசி செருகியிருந்தது. ஜெராட்டின் எழுத்து: ‘இதுவரை நான். இனி ம.’

தட்டுகளுக்கு நடுவில் கால்கள் அசைந்தன. வெறுங்கால்கள். ஒருவருக்கு ஒரு கால்தான்.

மரியதாசன் ஓடிப்போய்க் கதவில் தன் அட்டையைத் தேய்த்தான். பச்சை எரியவில்லை. சட்டைப்பையில் கிடந்த தன் ஃபோனை எடுத்தான். ஜெராட் முதல் மணியிலேயே எடுத்தார், பக்கத்திலேயே காத்திருந்தவர்போல.

“அண்ணை, கதவைத் திறவுங்கோ. இஞ்ச ஆக்கள் நிக்கினம்.”



“தெரியும். எனக்கும் வந்தவை. வீடுவரைக்கும் வந்தவை.” ஜெராட்டின் குரல் நடுங்கவில்லை. “அவையள் எழுதினவனைத் தேடினம். ஆர் பேரைக் கூப்பிடுறானோ, அவன்தான் எழுதினவன் எண்டு நினைக்கினம்.”

“எழுதினது உங்கட பூட்டன். எங்கட ஆக்களுக்கெல்லே எழுதினது.”

“ஓம். அதுதான் யோசிச்சன், உன்னை ஒண்டும் செய்யமாட்டினம் எண்டு. என்ர பிள்ளையளுக்கு நான் வேணும், தம்பி.”

“எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள் அண்ணை.”

“கடிதத்தை எழுதி வைச்சிருக்கிறன்” என்றார் ஜெராட். ஃபோனை வைத்துவிட்டார்.

மரியதாசன் ஃபோனை இடது சட்டைப்பைக்குள் போட்டான். திரும்பினான்.

வரிசையாக நின்றார்கள். பிரட்டுக்கு நிற்பதுபோல. கம்பளியிலிருந்து நீர் சொட்டியது. நெற்றி நடுவிலிருந்து கீழே ஒவ்வொருவரும் ஒரு பாதிதான். மற்றப் பாதி இருக்கவேண்டிய இடத்தில் பின்னால் இருந்த பெட்டிகள் தெரிந்தன.

புத்தகம் திறந்தபடி கிடந்தது. பன்னிரண்டாம் தாள், முதல் பேர். கண்ணால் மட்டும் பார்க்க அவனுக்குத் தெரியாது. உதடு அசைந்துவிட்டது.

“சூசை.”

அவன் தகப்பனின் பாட்டன். முழுநாள் கொழுந்தெடுத்தும் முழுப்பேர் காணாமல் செத்தவர் என்று வீட்டில் சொல்லுவார்கள்.

வரிசையின் முன்னால் நின்றவர் ஒரு அடி வைத்தார். அரை உதடு. ஒரு கண். அந்தக் கண் மரியதாசனுடையது.

“நான் உங்கட ஆள்” என்றான் மரியதாசன். “உங்கட ரத்தம்.”

“ஐயா” என்றார் சூசை. அவ்வளவு பணிவாக. “மத்தப் பாதி?”

“நான் எழுதேல்லை.”

“ஐயாதானே கூப்பிட்டீக.”

கை உயர்ந்தது. கொழுந்துக் கறை கறுத்த நகம். அவன் நெற்றியில் தொட்டது. குளிர். மெதுவாகக் கீழே இறங்கியது. மூக்கு. உதடு. நாடி. ஒற்றைக் கோடு.

வலிக்கவில்லை.

வலது கண்ணில் குழல்விளக்கு எரிந்தது. மேசை இருந்தது. ஜெராட்டின் ஃபோன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது.

இடது கண்ணில் மலை.

பனி. சரிவு முழுக்கத் தேயிலை. வலது கால் சப்பாத்துக்குள் சீமெந்தில் நின்றது. இடது கால் வெறுங்காலாய், ஈரமண்ணில். விரலிடுக்கில் அட்டை ஊர்ந்தது.

அப்போது அஜிதாவின் அழைப்பு வந்தது. முருங்கனில் இரவு; ஒவ்வொரு நாளும் நித்திரைக்கு முன் கோல் எடுப்பாள். வலது கை இடது சட்டைப்பையைத் துழாவியது. பை இல்லை. அந்தப் பக்கத்தில் நெஞ்சும் இல்லை. மணி அடித்துக்கொண்டேயிருந்தது, வெகுதூரத்தில், பனிக்குள்ளே, யாரும் எடுக்காத மலையில்.