ஏழாம் படுக்கையின் மறுபக்கம்

ஏழாம் படுக்கைக்காரரின் முதுகுப் புண் ஆறிக்கொண்டிருந்தது. எப்படி என்றுதான் நர்ஸுக்குப் புரியவில்லை.

படுத்தே கிடப்பவருக்கு எலும்பு அழுந்துகிற இடத்தில் ரத்தம் ஓடாது, தோல் செத்துப்போகும். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பினால்தான் ஆறும். அசைவற்ற, கனத்த உடம்பை ஒருத்தியாகத் திருப்ப முடியாது. அடியில் விரித்த துணியை இந்தப் பக்கம் ஒருவர் தூக்க, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க வேண்டும். வார்டிலோ முப்பத்திரண்டு பேருக்கு அவள் ஒருத்திதான். இரண்டு நர்ஸுகள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மூன்றாமவள், எல்லோருக்கும் மூத்தவள், போன மாதம் இரட்டை ஷிப்ட் முடித்து, வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

“இவரை யாரும்மா திருப்பறது?” என்று நோயாளியின் மனைவியிடம் கேட்டாள் நர்ஸ்.

“நான் இந்தப் பக்கம் பிடிப்பேன். அந்த சிஸ்டர் அந்தப் பக்கம். வாயே திறக்க மாட்டாங்க, உங்களை விட சிடுமூஞ்சி!” அந்த அம்மாள் சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டாள். “நாளையிலிருந்து எனக்கு வேலை இருக்கு. நீங்கதான் பாத்துக்கணும்.”

“எந்த சிஸ்டர்?”

“செருப்பில்லாம வருவாங்களே, அவங்க.”

நர்ஸ் தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள். “மேடம், ஒரு ஆளாவது அனுப்புங்க. இல்லேன்னா நானும் போயிடுவேன்.”

“ஒருத்தியை வெச்சே புண் ஆறுதேம்மா. நீ கெட்டிக்காரி!”

நான்கு மணி. ஜன்னல் வெயில் தரையில் கிடந்தது. இந்த முறை திருப்பாமல் விட்டால் புண் மறுபடி வாய் திறக்கும். சீழ் ரத்தத்தில் கலந்தால் ஆள் தேறமாட்டார். அவள் திரையை இழுத்து மூடி, துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள்.

எதிர்ப்பக்கம் யாருமில்லை.

எதிர் ஓரமும் மெல்லச் சுருண்டது.

துணி இறுகியது.

களைத்த மூச்சு ஒன்று கேட்டது. ஓடலாம் என்று நினைத்தாள். காலில் அதற்குத் தெம்பில்லை.

“அக்கா,” என்று கிசுகிசுத்தாள். “போய் ரெஸ்ட் எடுங்கக்கா.”

பிடி தளரவில்லை.

“ஒண்ணு... ரெண்டு...”

“மூணு” என்றது எதிர்ப்பக்கம்.

நோயாளி பக்கவாட்டில் திரும்பினார். அவர் முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து அவள் நிமிர்ந்தபோது, எட்டாம் படுக்கையின் விரிப்பு ஒரு பக்கம் மட்டும் இறுகி, காத்திருந்தது. வெறுங்காலின் ஈரத் தடங்கள் அதுவரை போயிருந்தன.

அவள் போய் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் உயிரோடு இருந்தால் போதும்.