மலர்ச்சி தொண்ணூற்றிரண்டு

எங்கள் அடுக்ககத்தில் காலையில் லிஃப்டுக்குள் நுழைந்தால் முதலில் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். அங்கிருக்கும் கேமரா முகத்தைப் பிடித்து, சரிசெய்து, எதிர்ச்சுவரில் காட்டும். “வணக்கம் தன்யஸ்ரீ, மலர்ச்சி எண்பத்தாறு” என்று ஒரு பெண்குரல் சொல்லும். அதற்குப் பிறகுதான் கதவு மூடும். விடிய விடிய ஒற்றைத் தலைவலியில் புரண்டுவிட்டுப் பல்கூடத் தேய்க்காமல் பால் வாங்கப் போனாலும் எண்பத்தாறுதான். சோதித்துப் பார்க்கலாமே என்று ஒருநாள் நாக்கைத் துருத்திக் காட்டினேன். எண்பத்தேழு ஆனது.

மற்ற வீடுகளின் கதவில் வாசல்திரை இருக்கிறது. மணி அடிப்பது யாராக இருந்தாலும் அதில் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரிதான் தெரிவார். என் கதவில் மட்டும் எட்டிப் பார்க்கிற பழைய துளை. அதை அடைக்கச் சொல்லிச் சங்கத்தார் வந்து வந்து அலுத்துப் போனார்கள். வம்புக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். திருத்திய முகங்களில் வம்புக்கு என்ன இருக்கிறது?

அந்தத் துளை வழியாகத்தான் எதிர்வீட்டுக் கனிஷ்கா குப்பைப் பையோடு வருவதைப் பார்த்தேன். லிஃப்ட் வரைக்கும் போகவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்தேன்.

“ஏன் கண்ணு, கீழ உக்காந்துட்ட?”

“ஒண்ணுமில்லீங்க்கா. பை கொஞ்சம் கனமா இருந்துச்சு.”

பையை எட்டிப் பார்த்தேன். இரண்டு வாழைப்பழத் தோல் இருந்தது. ஒரு பிரட் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது.

“சாப்பிடறதே இல்லையா நீ?”

“பாத்தாலே குமட்டுதுங்க்கா.”

“சரி, நிமிந்து என்னைப் பாரு. அடக் கடவுளே, உன் கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமாட்டம் இருக்குது.”

“மஞ்சளாவா? காத்தால ஷூட்டிங்ல வெள்ளையாத்தானுங்க்கா இருந்துச்சு.”

கனிஷ்காவின் தொழில் அப்படி. எந்தக் கேமரா வாங்கலாம் என்று ஊருக்குச் சொல்கிற வீடியோக்காரி அவள். விடிந்ததும் பத்து நிமிடம் கேமரா முன்னால் உட்கார்வாள். அந்தப் பத்து நிமிடத்தைப் புனைவி வாங்கிக்கொள்ளும். முகத்தையும் குரலையும் கொடுத்துவிட்டால் மீதியைத் தானே பேசிக்கொள்ளும் கருவி அது. அன்று முழுக்க அவள் முகம் நாலு மொழிகளில் லென்ஸையும் பேட்டரியையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்து விடுவது மட்டும் இவள் வேலை. புனைவிக்குக் களைப்பில்லை. அதற்கு ஈடுகொடுத்து உட்கார்ந்திருக்கும் இவளுக்குக் களைப்பு இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

அவளுக்கேகூடத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. குளியலறைக் கண்ணாடியும் இப்போது திரைதானே. நான் என் பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, மூடிக்குள் ஒட்டியிருந்த குட்டிக் கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள். மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இவ்வளவு களைச்சுப் போயிட்டனாங்க்கா?” என்றாள்.

எல்லாம் போலிப் படங்களால் வந்த வினை. ஒரு காலத்தில் யார் முகத்தை வைத்து யார் வேண்டுமானாலும் படம் செய்தார்கள். லீவுக்காகக் காய்ச்சல் முகம் செய்தவர்களும் உண்டு. அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. கேமராவுக்குள் இருக்கும் சிப் என்கிற சில்லு தானே முத்திரை குத்திய படம் மட்டுமே செல்லும், மற்றதெல்லாம் போலி. கேமராக் கம்பெனிகளோ அந்த முத்திரையை முகத்தைச் சரிசெய்யும் திருத்தியோடு சேர்த்தே சில்லில் பொதிந்துவிட்டன. திருத்தாத முகத்துக்கு முத்திரை கிடையாது. ஒருவரை அவருடைய நல்ல முகத்தில் காட்டுவதுதான் மரியாதை என்று விளக்கமும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. என் கன்னத்து மங்கு போய்விட்டதல்லவா!

முன்பெல்லாம் திருத்தி சேர்க்கும் இந்த மலர்ச்சியைப் பூஜ்ஜியம் வரை இறக்கிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. அதை ஒழித்ததில் எங்கள் கனிஷ்காவுக்கும் பங்குண்டு. ஒரு புதுக் கேமராவை அலசும்போது, “பூஜ்ஜியம் வரைக்கும் இறக்கிக்கலாமாம். நம்ம மூஞ்சியை அப்படியே பாக்கறதுக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?” என்று சிரித்தாள். அந்த வீடியோத் துண்டு உலகமெல்லாம் ஓடியது. அடுத்து வந்த கேமராக்களில் மலர்ச்சியை இறக்கவே வழியில்லை.

நான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அவள் வீட்டு நலத்திரை முன்னால் உட்காரவைத்தேன். எந்த மருத்துவமனைக்குள் நுழைவதென்றாலும் முதலில் இந்தத் திரையில் டாக்டரிடம் முகம் காட்டிச் சேர்க்கைச் சீட்டு வாங்க வேண்டும். டாக்டர் சர்வேஷ் வந்தார். சுடச்சுட இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு முகம். குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“சொல்லுங்க. மலர்ச்சி எண்பத்தொன்பது. ரொம்ப நல்லா இருக்கீங்களே.”

“சாப்பாடு இறங்கலீங்க டாக்டர். எந்திரிச்சு நிக்க முடியலை. யூரின் காபி மாதிரி போகுது.”

“வாயால சொல்றதை வெச்சுச் சீட்டு எழுத முடியாதும்மா. முகச்சான்று வேணும்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. நடுவில் தலையை நீட்டினேன். “டாக்டர், கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. நான் நேர்ல பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“நீங்க யாரு?”

“எதிர்வீடு.”

“எனக்கு வெள்ளையாத்தான் தெரியுதுங்க எதிர்வீடு.”

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் திரை ஓரத்தில் நானும் தெரிந்தேன். கழுத்துச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. அதற்குள் டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்.

கடலில் காற்றாலை வேலைக்குப் போயிருந்த கணவன் ரித்விக்கைக் கனிஷ்கா வீடியோவில் கூப்பிட்டாள். “என்ன கனி, இன்னிக்கு ஜொலிக்கிற?” என்றான் அவன். அவள் உடனே சிரித்தாள். ஒன்றும் சொல்லாமல் துண்டித்துவிட்டாள்.

“ஏன் சொல்லலை?”

“நம்ப மாட்டாருங்க்கா. என்னைப் பாத்தா எனக்கே நம்பிக்கை வரலையே.”

ஒப்பணக்கார வீதியில் பழைய கேமரா விற்கும் அப்சலிடம் நான் போனேன். இந்தத் திருத்தியெல்லாம் வருவதற்கு முந்திய டிஜிட்டல் கேமரா ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். “இது ஒண்ணுதான்க்கா இருக்கறதை அப்படியே எடுக்கும். வாங்க ஆளே இல்லை, எடுத்துட்டுப் போங்க” என்றார். கனிஷ்காவைப் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். படத்தில் கண் மஞ்சள், உதடு வெள்ளை, கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி பள்ளம். நோய் என்றால் இதுதான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

பதில் உடனே வந்தது. ‘முத்திரை இல்லை. முகத்தில் செயற்கையாகச் சோர்வு சேர்க்கப்பட்டுள்ளது. மீண்டும் முயன்றால் மருத்துவச் சேவை நிறுத்தப்படும்.’

கனிஷ்கா அதைப் படித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. அவள் கை மட்டும் வயிற்றின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் பிழைப்பாளா என்று எனக்குள் ஒரு பயம் முதல்தடவையாக எட்டிப் பார்த்தது.

“எத்தனை கேமராவைப் பத்திப் பேசியிருக்கற! உன் மூஞ்சியை அப்படியே காட்டற கேமரா ஒண்ணுகூடவா இல்லை?”

கண்ணை மூடியபடியே யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “முத்திரையோட ஒரே ஒரு வழி இருக்குதுங்க்கா. வேட நிலை.”

சினிமாக்காரர்கள் கேட்டு வாங்கிய சலுகை அது. பிச்சைக்காரராக நடிப்பவரைத் திருத்தி ராஜாவாக்கிவிட்டால் படம் எப்படி எடுப்பது? அதனால் தொழில் கேமராக்களில் மட்டும், ‘நான் இன்ன வேடத்தில் நடிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் திருத்தி ஒதுங்கிக்கொள்ளும். இருக்கும் முகம் இருக்கிறபடி வரும். முத்திரையும் விழும். ஓரத்தில் ‘நடிப்பு’ என்று ஒரு சொல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அவளுடைய தொழில் கேமராவை நலத்திரையில் மாட்டினோம். கனிஷ்கா சொன்னாள்: “வேடம்: மஞ்சள் காமாலை வந்த பெண்.” சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், பளிச்சென்று சிரித்தாள்.

“அடியே, சிரிக்காத!”

“நான் சிரிக்கலீங்க்கா.”

“பல்லெல்லாம் தெரியுது!”

கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அவள் கன்னத்தை நான் இரண்டு கையாலும் பிடித்து இறக்கிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் நான், “உன் புருஷன் உன்னைப் பாத்து எத்தனை நாளாச்சு?” என்று கேட்டேன். அதன்பிறகு அந்தச் சிரிப்பு தானாக இறங்கியது.

டாக்டர் சர்வேஷ் திரையில் வந்தார். பார்த்தார். இஸ்திரி போட்ட அந்த முகம் அப்படியே இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

“ரொம்ப நல்லா நடிக்கிறீங்கம்மா” என்றார் கடைசியில். எல்லாம் பதிவாகும் திரை, அவரும் என்ன செய்வார். “இந்த வாரம் நீங்க மூணாவது ஆள். இந்தக் காட்சியில டாக்டர் என்ன செய்யறாருன்னு எழுதியிருக்கு?”

“சேர்க்கைச் சீட்டு கொடுக்கறாருங்க” என்றேன் நான். கதை எழுதுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

“சரி. அப்ப நானும் ஒரு வேடம் போட்டுக்கறேன்.” கீழே குனிந்து ஒரு தொழில் கேமராவை எடுத்து மாட்டினார். அந்தப் பக்கம் இருந்த முகம் மாறியது. மூன்று நாள் தாடி. சிவந்து வீங்கிய கண்கள். என்னைவிட மூத்தவராக இருப்பார் போலிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமலே உடம்பு பாதி தேறின மாதிரி இருந்தது. பிறகு சீட்டு வந்தது.

சீட்டைக் காட்டிக் கனிஷ்காவை வார்டில் சேர்த்துவிட்டு, வழக்கம்போல அக்கம்பக்கத்துக் கட்டில்களை நோட்டம் விட்டேன். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறு திரை. ‘வேடம்: சிறுநீரகம் பழுதடைந்த ஆசிரியர்.’ ‘வேடம்: நெஞ்சுவலி வந்த தையல்காரர்.’ ஜன்னலோரத்தில், ‘வேடம்: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத பெண்.’ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வார்டு முழுக்க நடிகர்கள். நிஜ நோயாளி என்று ஒருவர்கூட உள்ளே வந்திருக்கவில்லை.

“எல்லாருமே இப்படித்தானாங்க சிஸ்டர்?”

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னாள். “நடிக்கத் தெரிஞ்சவங்க வர்றாங்க. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா உங்க பொண்ணுக்கு ஒண்ணும் செய்திருக்க முடியாதும்மா.”

“பொண்ணு இல்லீங்க. எதிர்வீடு.”

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரையில்லாமல், நேராக.

கனிஷ்காவுக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று கூடவே கொண்டுவந்திருந்த அவளுடைய கேமராவை வீட்டில் வைத்துவிட்டு மாற்றுத்துணி எடுத்துவரலாமென்று பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். மருத்துவமனை வாசலில் ஆள் கிடையாது. ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு கேமராவும்தான். அதற்குக் கீழே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி மடிந்து நின்றிருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. கம்பம் இனிமையாகப் பேசியது.

“மலர்ச்சி தொண்ணூற்றிரண்டு. நலமாக இருக்கிறீர்கள். வீடு திரும்பவும்.”

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?” என்று கேட்டேன்.

“காலையிலிருந்துங்க. தள்ளி நின்னா குறையுமான்னு பாத்தேன். ஏறத்தான் செய்யுது.” பேர் ஷர்மிளா என்றாள். பக்கத்து நூல் ஆலையில் வேலை.

“வேட நிலைன்னு ஒண்ணு இருக்குதுங்க. நோயாளியா நடிக்கறேன்னு சொல்லிட்டு டாக்டருக்கு மூஞ்சியைக் காட்டணும். கேமரா என்கிட்டயே இருக்குது.”

“நடிக்கவா? எனக்கா?” வலிக்கு நடுவிலும் அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. “பள்ளிக்கூட நாடகத்துல மரமா நிக்கவெச்சாங்க. அதுலயே ஆடிட்டேன்.”

“நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருந்தாப் போதும்.”

பையிலிருந்து கேமராவை எடுத்து, என் போனில் மாட்டி, டாக்டர் சர்வேஷை அழைத்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். “வேடம்: வயிற்றுவலிக்காரப் பெண்” என்று நானே சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஷர்மிளா நிமிர்ந்தாள். மடிந்திருந்த உடம்பு நேரானது. ஒரு கை தானாகப் போய்க் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. கண்களில் தண்ணீர் நிற்க, முகம் முழுக்கச் சிரிப்பு மலர்ந்தது. திரையின் மறுபக்கம் டாக்டர் காத்திருந்தார். ‘நடிப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘மகிழ்ச்சி’ என்று வந்தது.

“சிரிக்காதீங்கம்மா” என்றேன்.

“நான் சிரிக்கலீங்களே” என்றாள் அவள்.